வாள்வீச்சும் காட்டும் கண்ணும்

சண்டைப் படம் என்றால் இளைஞர்க்கு வாள்வீச்சே நினைவிருக்கும். அதைக் காட்டிய கண் எவருடையது என்று நான் கேட்டால் விடையிராது. நம் கொங்கு நாட்டில் உருவான இரு படங்களை நோக்குவோம்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸாரின் ‘மந்திரி குமாரி’யை (1950) எல்லிஸ் ஆர். டங்கன் தொடங்க, டி. ஆர். சுந்தரம் முடித்தார். மலையுச்சியில் மனைவியைத் தள்ள வந்த கணவனை, வலம்வந்து வணங்குவாள் போல் அவளே தள்ளிவிடுகிறாள். அங்கே பள்ளத்தின் ஆழமே அச்சம்.

கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜூபிடர் நிறுவனத்தார் எடுத்த ‘மர்மயோகி’யின் (1951) இயக்குநர் கே. ராம்நாத்தோ, ஒளிப்பதிவில் தேர்ந்தவர். அவருக்கு இருளே ஆயுதம். பேய்க் காட்சிகளால் அப்படம் ‘ஏ’ சான்றிதழ் பெற்றது.

இன்று அக்கலைக்கூடங்கள் இயங்கவில்லை; படங்கள் எஞ்சியுள்ளன. எழுத்தறிவித்த நாம், காட்சியைப் படிக்கவும் இளையோர்க்குக் கற்பிப்போமாக.