மாங்குளம் பாறையில் ஒரு பாடம்
(உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

  

வரலாறு, நிலநூல், குடிமையியல், பொருளியல் ஆகிய மாந்தவியல் பாடங்களை உயர்நிலைப் பள்ளியில் எவ்வாறு கற்பிப்பது என்பதுபற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். அறிவுரை கூறுமுன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியவனாக இருக்கின்றேன்.

நான் வரலாறு கற்பித்துப் பிழைத்தவன். என் வகுப்பறைப் பலகணியைத் திறந்தால் ஆனைமலை தெரியும். அப்பலகணியருகே நின்றுகொண்டு, பானிப்பட்டுப் போர்கள் 1526, 1556, 1761 என்று ஆண்டுதோறும் மாணவரை உருப்போடச் செய்தேன். பிள்ளைகளும் உருப்போட்டார்கள், தேர்வில் எழுதினார்கள், மறந்தார்கள். எதிரே தெரிந்த அம்மலையின் குகைமுகப்பில் பழந்தமிழ் எழுத்து வெட்டப்பட்டிருக்கின்றது என்பதை நெடுங்காலம் நான் ஒருநாளும் சொன்னேனில்லை. பானிப்பட்டைக் கற்பித்தது குற்றமன்று. ஆனைமலையைக் கற்பியாததே குற்றம்.

பத்தாம் வகுப்பில் இந்நான்கு பாடங்களும் ஒரே தாளில் அடங்கிவிடுகின்றன. அதற்குமேல் வரலாற்றுப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளையைப் பார்த்து, "வேறு எதுவும் கிடைக்கவில்லையா?" என்று உற்றார் கேட்கின்றனர். மதிப்பெண் குறைந்தவர்க்கு ஒதுக்கிய இடம் அது என்னும் எண்ணம் ஊன்றிவிட்டது. பெற்றோரை மட்டும் நோவதில் பயனில்லை. பெயரும் ஆண்டும் அடுக்கிய பட்டியலையே வரலாறென்று நாம் கொடுத்தோம். பட்டியலை யார்தாம் விரும்புவர்?

மதுரையைச் சூழ்ந்த நிலமோ வேறெந்த ஊர்க்கும் எளிதில் வாய்க்காத பாடநூல். மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, திருவாதவூர், அழகர்மலை, திருப்பரங்குன்றம், கொங்கர்புளியங்குளம், முத்துப்பட்டி, விக்கிரமங்கலம் என நகரைச் சுற்றி வளையமிட்டாற்போல் தமிழிக் கல்வெட்டுகள் நிற்கின்றன. தென்கிழக்கே ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கீழடி. அங்கே 2015-ஆம் ஆண்டில் நடுவணரசின் தொல்லியல் துறை அகழத் தொடங்கியது. 2018 முதல் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை அகழ்ந்து வருகின்றது. 2019-இல் வெளிவந்த அறிக்கை, 353 செண்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரியின் காலத்தைக் கி.மு. 580 எனக் காட்டியது.

இவ்விடத்தில்தான் நாம் மீண்டும் தவறிழைக்கின்றோம். பானிப்பட்டு 1526 என்பதை எடுத்துவிட்டு அவ்விடத்தில் கீழடி கி.மு. 580 என்று வைத்துவிட்டால் கல்வி மாறிவிடுமா? பட்டியல்தான் மாறும். அவ்வெண் எவ்வாறு கிடைத்தது என்று மாணவன் கேட்கவேண்டும். உயிருள்ளவற்றில் கதிரியக்கக் கரிமம் உண்டு. உயிர் நீங்கியபின் அது தேயத் தொடங்கும். பாதியாகக் குறைய ஏறத்தாழ 5,730 ஆண்டுகள் ஆகும். எஞ்சியதை அளந்தால் காலம் புலப்படும். மண்ணடுக்கில் கலைவு இல்லாவிடத்துக் கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. இதைப் புரிந்துகொண்ட பிள்ளையிடம் யார் வந்து எதைச் சொன்னாலும், "சான்று எங்கே?" என்று கேட்கும். அக்கேள்வியே நாம் அளிக்கத்தக்க படைக்கலம்.

அதன் அருமையை அண்மைக்காலமே காட்டியது. கீழடியை முதலில் அகழ்ந்த அமர்நாத் இராமகிருட்டிணன் 2023 சனவரியில் 982 பக்க அறிக்கையை அளித்தார். அதில் திருத்தம் வேண்டுமென்று 2025-ஆம் ஆண்டு மே திங்களில் அவருடைய துறை கேட்டபோது, சான்றின்வழி எழுதியதே அது எனக்கூறி அவர் மறுத்தார். சான்றை மதிப்பது எத்தகைய உறுதியை வேண்டுகின்றது என்பதற்கு இதனினும் நல்ல பாடம் வேண்டுமோ?

அந்த உறுதி நமக்கும் வேண்டும் என்பதை எனக்கு ஒரு சிறுமி கற்பித்தாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மாங்குளத்து மலைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். 1882-இல் இராபர்ட்டு சீவெல் கண்டறிந்த கல்வெட்டுகள் அவை. இத்தகைய குகையெழுத்துகளின் மொழி தமிழே என்று 1924-இல் கே.வி. சுப்பிரமணியர் காட்டினார். 1965-இல் ஐராவதம் மகாதேவன் நெடுஞ்செழியன் பெயரை இங்கே படித்தறிந்தார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டினது என்பது அவர் கணிப்பு. நெடுஞ்செழியனின் பணவனாகிய கடலன் வழுதி, நந்தன் என்னும் அமணத் துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தி அது. வேறொரு கல்வெட்டு வெள்ளறை வணிகக் குழுவினரைக் குறிக்கின்றது.

எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தோம். "செழியன்" என்றதும் பிள்ளைகள் ஆர்ப்பரித்தனர். தமிழுக்குச் சிறப்பான ழகரம் ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய பாறையில் நிற்பதைக் கண்டு எனக்கும் நெஞ்சு நிறைந்தது. அப்போது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, 'தம்மம்' என்று வெட்டியிருக்கின்றதே, அது தமிழா?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகின்றேன். ஒரு நொடி தடுமாறினேன். தமிழ் வேர் ஒன்றைக் காட்டிச் சமாளித்துவிடலாம், அச்சிறுமி நம்பியிருப்பாள். ஆனால் பிறர் நம் வரலாற்றைத் திரித்தனர் என்று மேடைதோறும் குமுறுகின்ற நான், ஒரு குழந்தையிடம் அதே தொழிலைச் செய்வதா? "இல்லையம்மா, அது வடக்கிலிருந்து வந்த பாகதச் சொல். வணிகக் குழுவைக் குறிக்கும் 'நிகமம்' என்பதும் அவ்வாறே" என்றேன்.

அவள் முகம் வாடியது. "இன்னும் படி" என்றேன். கடலன் தமிழ், வழுதி தமிழ், வெட்டுவித்த செயலைச் சொல்லும் வினைச்சொல் தமிழ். சொற்றொடரின் கட்டுக்கோப்பு முழுமையும் தமிழ். வடபுலத்து நெறியைத் தழுவிய துறவியர்க்குக் கொடுத்த கொடையைக்கூட இம்மண்ணில் தமிழில்தான் பொறித்தார்கள். அரசன் அதிகாரியும் வணிகரும் எழுதத்தக்க மொழியாய்த் தமிழ் இருந்தது. சில சொற்கள் விருந்தாய் வந்தன. வீடு நம்முடையதாகவே இருந்தது. பொய் சொல்லியிருந்தால் இவ்வளவு பெரிய உண்மையை அவள் பெற்றிருக்க மாட்டாள்.

தோழர்களே! தூயதமிழில் எழுதுவது நம் இன்றைய கடமை. நாம் விரும்பி ஏற்ற கடமை. அக்கடமைக்காக நேற்றைய பாறையைத் திருத்தவேண்டியதில்லை. தமிழின் பெருமை பொய்க்கால்மேல் நிற்க வேண்டிய அளவு நலிந்ததன்று.

அம்மலையடிவாரத்து மக்கள் இப்பாடத்தை நம்மினும் நன்கு அறிந்திருந்தனர். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பெற்றன. 2024 நவம்பரில் அப்பகுதியில் டங்சுடன் சுரங்க ஏலம் முடிவானது. உழவர் எழுந்தனர். குன்று, சுனை, கல்வெட்டு, குடைவரைக் கோயில் எல்லாவற்றையும் சான்றாக முன்வைத்தனர். 2025 சனவரியில் நடுவணரசு ஏலத்தை நீக்கியது. கல்வெட்டு வரலாறு, சுனை நிலநூல், சுரங்கம் பொருளியல், ஊர்மன்றத் தீர்மானம் குடிமையியல். நான்கு பாடமும் ஒரே மலையில் இருக்கின்றன!

ஆகவே மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன். ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒன்பதாம் வகுப்பு மாணவரை அருகிலுள்ள கல்வெட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். பாறையைத் தொடாமல், எழுத்தைத் தாளில் பார்த்தெழுதச் செய்யுங்கள். பள்ளித் தேர்வு ஒவ்வொன்றிலும் சொந்த ஊரைப்பற்றி ஒரு கேள்வி வையுங்கள். விடையோடு சான்றும் கேளுங்கள். மூன்றாவதாக, தெரிந்ததைத் தெரிந்ததென்றும், அறிஞரிடையே வழக்கிலிருப்பதை வழக்கிலிருப்பதென்றும் பிரித்துச் சொல்லுங்கள்.

அச்சிறுமி மலையிறங்கும்போது, "நான் பெரியவளானதும் இதையே படிப்பேன்" என்றாள். வேறு எதுவும் கிடைக்காமல் அவள் வரலாற்றுக்கு வரப்போவதில்லை, விரும்பியே வருவாள். அத்தகையோர் பள்ளிக்கு ஒருவர் எழுந்தால் போதும். தமிழர் வரலாற்றை எவராலும் மறைக்கவியலாது.

வாழ்க தமிழ்! வளர்க மெய்யறிவு!