காய்ந்த தகட்டில் ஒரு சொட்டு களிமண் கூழ்

விருத்தாசலத்துப் பீங்கானைப் பார்க்காத வீடு நம் பக்கத்தில் குறைவு. அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கட்டை என்று ஏதாவது ஒன்று இருக்கும். களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, பிளாஸ்டர் அச்சில் ஊற்றி அங்கே பொம்மை செய்கிறார்கள். அந்தக் கூழைத் தொழிலில் சிலிப் என்பார்கள்.

அதில் ஒரு சொட்டை, நன்றாகக் காய்ந்த இரும்புத் தகட்டில் விட்டால் என்ன ஆகும்?

முதலில் வெறும் தண்ணீரைப் பார்ப்போம். தோசைக்கல் அளவாகக் காய்ந்திருந்தால், தெளித்த நீர் சுர்ரென்று வற்றிவிடும். ஏறக்குறைய 200 டிகிரியைத் தாண்டிவிட்டால் துளி முத்தாக உருண்டு ஓடும். வற்றவும் அதிக நேரம் எடுக்கும். துளியின் அடிப்பக்கம் சட்டென்று ஆவியாகி, ஒரு மெல்லிய படலமாக அதைத் தூக்கிப் பிடிக்கிறது. ஆவி வழியே சூடு எளிதில் ஏறாது.

1756-இல் ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் இதை ஆராய்ந்து எழுதினார். துளி சுருங்கி, கடைசியில் டப்பென்று வெடித்து, கரண்டியில் ஒரு மண்துகளை விட்டுச் சென்றது. தண்ணீரே மண்ணாக மாறுவதாக அவர் நினைத்துவிட்டார். நீரில் கலந்திருந்ததுதான் மிஞ்சியது. ஆனால் அந்த 'டப்' சத்தத்தை அவர் விடாமல் குறித்து வைத்தாரே, அதைப் பாராட்ட வேண்டும். அதற்குக் காரணம் 2019-இல்தான் துலங்கியது. சுத்தமான துளி சிறுத்து, இறுதியில் மேலே எழும்பிப் பறந்துவிடுகிறது. தூசு கலந்த துளியிலோ துகள்கள் மேற்பரப்பில் நெருங்கி ஆவியை அடைக்கின்றன. படலம் மெலிகிறது, துளி தகட்டைத் தொட்டு வெடிக்கிறது.

துகள் மிகுந்த கூழ்த்துளியின் கதை வேறு. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த எல். மகாதேவனும் ஹார்வர்டு சகாக்களும் 2005-இல் அத்தகைய துளிகளை ஆவிப்படலத்தின்மேல் மிதக்கவிட்டு உலர்த்தினார்கள். துளி முதலில் உருண்டையாகவே சுருங்கியது. பிறகு துகள்கள் சேர்ந்து மேலே தோல் கட்டியது. உள்ளிருந்து நீர் போய்க்கொண்டே இருந்ததால், ஒரு கட்டத்தில் தோல் தாங்காமல் உள்வாங்கி ஒடுங்கியது.

நீர் வெளியேறும் பக்கத்தில் துகள் சேரும். சிலிப்பிலும் அப்படியே. பிளாஸ்டர் அச்சு நீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் தோல் கட்டும். போதிய கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிடுவார்கள். பொம்மை உள்ளே கூடாக இருப்பது அதனால்தான்.

பெரிய டைல்ஸ் ஆலைகளில் கூழ்த்துளிகளைக் காற்றிலேயே உலர்த்துகிறார்கள். ஸ்ப்ரே டிரையர் என்ற உயரமான கலத்துக்குள் மண்கூழைச் சூடான காற்றில் பீய்ச்சுகிறார்கள். துளிகள் விழும்போதே உலர்ந்து மணிகளாகின்றன. பல மணிகளின் உள்ளே வெற்றிடம், மேலே ஒரு குழி. மாவாக இருந்தால் ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கும் மண், மணியானதும் தடையின்றி ஓடி அச்சின் மூலை வரை நிரம்புகிறது.