கரையும் வண்ணமும் கரையாத வண்ணமும்

(நம் குடியிருப்பின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என் பெயரை அறிவித்தபோது, "பேங்க்கில் இருந்தவர், ஃபிக்சட் டெபாசிட் வட்டியைப் பற்றிப் பேசுவார்" என்று சிலர் நினைத்திருப்பீர்கள். இன்று வட்டி கிடையாது. மேஜை மேல் இருக்கும் இந்த வண்ணக் குச்சிகளைப் பற்றித்தான் பேச்சு. பார்க்கப் பிள்ளைகளின் கிரேயான் மாதிரி இருக்கும். கோடு போட்டு, அதன் மேல் ஈரப் பிரஷ்ஷை ஓட்டினால் கோடு கரைந்து வாட்டர் கலர் ஆகிவிடும். பெயின்ட் டப்பா, தட்டு எதுவும் வேண்டாம். அரை டம்ளர் தண்ணீர் போதும். முழங்கால் வலியோடு பால்கனியில் உட்கார்ந்திருப்பவருக்கும் கைக்கு எட்டுகிற வேலை.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. வரும் பொங்கலுக்கு வீட்டுக்கு ஒரு துணிப்பை, அதில் நம் பிள்ளைகள் வரைந்த படம் என்று சங்கம் முடிவு செய்திருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் பிள்ளை வரைந்த மயில் முதல் துவையலிலேயே சாயமாக ஓடிவிட்டால், அந்தப் பையை யார் மறுபடி மார்க்கெட்டுக்கு எடுத்துப் போவார்கள்? பையின் ஆயுள் படத்தின் ஆயுளில் இருக்கிறது.

சி பிளாக்கில் நடந்த ஒன்றை, அந்த அம்மாவின் அனுமதியோடு சொல்கிறேன். பேத்தி வெளிநாடு போவதற்கு முன் பாட்டியின் தலையணை உறையில் ஒரு யானையும், பக்கத்தில் தன் பெயரும் வரைந்து கொடுத்தாள். ஒரு மாதம் பத்திரமாக வைத்திருந்து, பிறகு சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தார்கள். பக்கெட் தண்ணீர் நீலமானது. யானையைக் காணோம். குச்சி தரக்குறைவானது இல்லை. தண்ணீரில் கரையும் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. காகிதத்துக்கு உரிய குச்சி துணிக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

எந்தக் குச்சி எது?

கடையில் ஒரே மாதிரி தெரியும் குச்சிகள் மூன்று இனம்.

முதல் இனம், சாதாரண மெழுகு கிரேயானும் ஆயில் பேஸ்டலும். இவை தண்ணீரில் கரையாது. பிரஷ்ஷால் தேய்த்தால் தண்ணீர் முத்துமுத்தாக விலகி நிற்கும்.

இரண்டாவது, வாட்டர் கலர் கிரேயான். நிறமியோடு மெழுகும், தண்ணீரில் கரையும் பசையும் சேர்ந்தது. காகிதத்தில் அழகாகக் கரையும். காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் மறுபடி இளகும். யானை கரைந்தது இந்த இனத்தில்தான்.

மூன்றாவது, இங்க் வகைக் குச்சி. இங்கிலாந்தின் டெர்வென்ட் நிறுவனத்தின் 'இங்க்டென்ஸ்' இதற்குப் பெயர் பெற்றது. இதுவும் தண்ணீரில் கரையும். ஆனால் ஒருமுறை முழுதாக நனைந்து காய்ந்தால் மறுபடி கரையாது. 'முழுதாக' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். பிரஷ் படாமல் விட்டுப்போன தூள், அடுத்த ஈரத்தில் கரையத்தான் செய்யும்.

கையில் இருப்பது எந்த இனம் என்று தெரியாவிட்டால், காகிதத்தில் ஒரு கட்டம் தீட்டி நனையுங்கள். கரையாவிட்டால் முதல் இனம். கரைந்தால் ஒரு நாள் காயவிட்டு மறுபடி ஈரப் பிரஷ்ஷால் தேயுங்கள். நிறம் பிரஷ்ஷில் ஏறினால் இரண்டாவது, ஏறாவிட்டால் மூன்றாவது.

தண்ணீரில் கரையும் பென்சில் ஒன்றும் புதிதல்ல. ஜெனீவாவின் காரன் டாஷ் நிறுவனம் 1931இலேயே அதைக் கொண்டுவந்தது. 'கரன்டாஷ்' என்றால் ரஷ்ய மொழியில் பென்சில். அதே 1931இல்தான் மும்பையில் தண்டேகர் குடும்பம் இங்க் தயாரிப்பில் இறங்கியது. நாம் பள்ளியில் பிடித்த கேம்லின் அங்கிருந்து வந்ததுதான்.

ஸ்கெட்ச் புக்கில்

தொடங்க ஆறு நிறம் போதும்: மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை, பழுப்பு, கறுப்பு. இறக்குமதிக் குச்சி விலை அதிகம். பெரிய செட் வாங்கினால் பாதி நிறம் தொடாமலே கிடக்கும். நான் காமர்ஸ் படித்தவன், தேங்கிய சரக்கும் முடங்கிய பணம்தான் என்பேன். தனித்தனிக் குச்சியாகக் கிடைத்தால் அப்படியே வாங்குங்கள்.

காகிதம் முக்கியம். ஜெராக்ஸ் காகிதம் 70, 75 ஜிஎஸ்எம். தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி நெளியும். 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத ஸ்கெட்ச் புக் நல்லது. நிறையத் தண்ணீர் விடுபவர்களுக்கு 300. ஓரத்தை இரண்டு கிளிப்பால் பிடித்துக்கொண்டால் நெளிவு குறையும்.

நான்கு முறைகளைப் பழகினால் போதும். ஒன்று, உலர்ந்த தாளில் தீட்டிவிட்டு ஈரப் பிரஷ்ஷை ஓட்டுவது. வெளிர் பக்கத்திலிருந்து அடர் பக்கத்துக்குப் போங்கள், வெளிர் நிறம் அழுக்காகாது. இரண்டு, ஈரப் பிரஷ்ஷைக் குச்சியிலேயே தேய்த்து நிறத்தை எடுத்து வரைவது. மெல்லிய வேலைக்கு இது ஏற்றது. மூன்று, தாளை நனைத்து அதன் மேல் குச்சியால் நேராகக் கோடு போடுவது. அழுத்தமான கோடு விழும். நான்கு, பிளேடால் சுரண்டிய தூளை ஈரத் தாளில் தூவுவது. வேப்பம்பூ, மழை, மணல் எல்லாம் இதில் வரும். பிளேடு பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

நடுக்கமுள்ள கைக்கும் இந்தக் குச்சி தோதானது. பருமனாக இருப்பதால் பிடிக்க எளிது. கோடு கொஞ்சம் வளைந்தாலும் தண்ணீர் அதை மென்மையாக்கிவிடும்.

நம் பக்கத்துக்கென்று இரண்டு எச்சரிக்கை. உப்பேறிய போர் தண்ணீர் காய்ந்தால் அடர் நிறத்தின் மேல் வெள்ளைப் பூச்சு தெரியும். அரை டம்ளர் குடிநீரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில், நனைந்த குச்சியைக் காயவிடாமல் பெட்டியை மூடினால் குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

எதை வரைவது என்று கேட்பீர்கள். ஆரணியாற்றங்கரை, பொன்னேரிச் சந்தைக் காய்கறி, பழவேற்காட்டுப் படகு, சிப்காட் புகைபோக்கிக்குப் பின்னால் மறையும் சூரியன். தொழிற்பேட்டைக்கும் நிறம் உண்டு. துருப்பிடித்த கேட்டின் பழுப்பு எந்தப் பூவுக்கும் குறைந்ததில்லை.

துணியில்

இனி பைக்கு வருவோம். இந்த வேலையில் நம் மாவட்டத்துக்குப் பழைய பெயர் உண்டு. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் ஜெல்டிரியா கோட்டையை 1613இல் கட்டியதற்கு முக்கியக் காரணம் துணி. இந்தக் கடற்கரையின் துணியைக் கிழக்கே கொண்டுபோய்க் கொடுத்து வாசனைப் பொருள்களை வாங்கினார்கள். மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'காயின் பெலிகாட்' என்று பெயர். பெலிகாட் என்பது பழவேற்காடுதான். நாம் கடையில் கேட்கும் 'பாலையக்காட்' லுங்கியும் அதே பெயரின் மரூஉ.

சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிக்கு ஐரோப்பாவில் அத்தனை மதிப்பு ஏன்? துவைத்தாலும் நிறம் போகாது. 1686இல் பிரான்சும், அடுத்த சில பத்தாண்டுகளில் இங்கிலாந்தும், இந்திய வண்ணத் துணிக்குத் தடைச் சட்டம் போடும் அளவுக்கு அதற்கு விற்பனை இருந்தது. சூட்சுமம் நிறத்தில் மட்டும் இல்லை, நிறத்தைப் பிடித்து வைக்கும் பொருளில் இருந்தது. இம்பூறல் என்கிற சாயவேரின் சிவப்பு, படிகாரத்தோடு சேர்ந்தால்தான் பஞ்சு நூலில் நிலைக்கும்.

நமக்கு வடமேற்கே காளஹஸ்தியில் கலம்காரிக் கலைஞர்கள் இன்றும் கையால் வரைகிறார்கள். முதலில் துணியிலுள்ள கஞ்சியை அலசி எடுக்கிறார்கள். பிறகு கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். பாலின் கொழுப்பு, வண்ணம் பரவாமல் தடுக்கிறது. புளியங்குச்சிக் கரியால் கோடு போட்டு, துணி சுற்றிய மூங்கில் கலத்தால் வரைகிறார்கள். இரும்பும் வெல்லமும் புளித்த நீர்தான் கறுப்பு. தஞ்சைப் பக்கத்துக் கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அவர்கள் முறையில் மூன்று படி உண்டு: துணியைத் தயார் செய்வது, பரவாமல் வரைவது, நிறத்தை நிலைநிறுத்துவது. நம் குச்சிக்கும் அதே மூன்று படிதான்.

முதல் படி. பருத்தித் துணி எடுங்கள், பாலியெஸ்டர் வேண்டாம். புதுத் துணியில் ஆலைக் கஞ்சி இருக்கும். சோப்புப் போட்டுத் துவைத்து நன்றாக அலசுங்கள். வாசனை கண்டிஷனர் போடாதீர்கள். இஸ்திரி போட்டு, அட்டையில் இழுத்துக் கிளிப் போடுங்கள். பைக்குள் ஒரு பிளாஸ்டிக் தாள் வையுங்கள், வண்ணம் மறுபக்கம் இறங்காது.

இரண்டாம் படி. இங்க் வகைக் குச்சியால் வரையுங்கள். வெறும் தண்ணீர் விட்டால் நிறம் நூலோடு ஓடிப் பரவும். அதற்குப் பதில், கைவினைக் கடையில் கிடைக்கும் துணி ஓவிய மீடியத்தை பிரஷ்ஷில் தொட்டுத் தேயுங்கள். அது பரவுவதையும் குறைக்கும், நிறத்தையும் பிடிக்கும். கற்றாழை ஜெல்லையும் பலர் பயன்படுத்துகிறார்கள். அது பரவலைக் குறைக்கும். நிறம் பிடிப்பது குச்சியின் வேலை. எதைத் தொட்டாலும் ஒவ்வொரு கோடும் முழுதாக நனைய வேண்டும்.

மூன்றாம் படி. ஒரு நாள் முழுக்க நிழலில் காயவிடுங்கள். மறுநாள் துணியைப் பின்பக்கம் திருப்பி, படத்துக்கு அடியில் பழைய வேட்டித் துணியை விரித்து, காட்டன் சூட்டில் நீராவி இல்லாமல் இஸ்திரி போடுங்கள். எத்தனை நிமிடம் என்று மீடியம் பாட்டிலில் இருக்கும். முதல் துவையலைச் சில நாள் தள்ளிப் போடுங்கள். பிறகு உள்வெளியாகத் திருப்பி, பச்சைத் தண்ணீரில் மென்மையான சோப்பு. ஊறவைக்கவோ பிளீச் போடவோ வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் எந்த வண்ணத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். பேங்க்கில் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் செக்கைப் பாஸ் செய்வோம். அது போல, உள்ளங்கை அளவு துணியில் எல்லா நிறத்திலும் ஒரு பட்டை போட்டு இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதியை ஐந்து முறை துவையுங்கள், மறு பாதியை அப்படியே வைத்து ஒப்பிடுங்கள். வெயிலுக்கும் சோதனை உண்டு. இன்னொரு பட்டையை மேற்குப் பார்த்த ஜன்னலில் ஒட்டி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடுங்கள். இரண்டு மாதத்தில் எந்த நிறம் வெளிறுகிறது என்று தெரியும். துவையலுக்கு நிற்கும் நிறமெல்லாம் வெயிலுக்கும் நிற்கும் என்று சொல்ல முடியாது.

பிள்ளைகளுக்கு விஷமற்றது என்று லேபிளில் போட்டதை மட்டும் வாங்குங்கள். படம் பையின் வெளிப்பக்கம் இருக்கட்டும். காய்கறி படும் உள்பக்கம் வேண்டாம்.

இனி நடக்க வேண்டியது

இங்க் வகைக் குச்சியில் ஆறு நிறம் கொண்ட ஒரு பெட்டியையும் ஒரு பாட்டில் மீடியத்தையும் சங்க அலுவலகத்தில் வைக்கச் செயலாளர் சம்மதித்திருக்கிறார். குச்சியைப் பாதியாக வெட்டினால் ஒரே நேரத்தில் இரண்டு பேர் வரையலாம். பக்கத்தில் ஒரு பதிவேடு இருக்கும். எடுத்த தேதி, திருப்பிய தேதி, கையெழுத்து. முப்பது வருஷப் பழக்கம், விட மாட்டேன்.

பிள்ளைகள் பையில் கை வைப்பதற்கு முன் துவையல் சோதனையைப் பெரியவர்கள் நாம் முடிக்க வேண்டும். பிளாக்குக்கு இரண்டு பேர் போதும். நிற்கும் நிறங்களின் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறேன். ஓடும் நிறங்கள் ஸ்கெட்ச் புக்குக்குப் போகட்டும், அங்கே ஓடுவதுதான் அழகு.

சி பிளாக் அம்மா முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டார். பேத்தி கோடை விடுமுறைக்கு வருகிறாளாம். அதற்குள் நீலத்தைச் சோதித்து முடித்துவிட வேண்டும் என்கிறார். அடுத்த சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, அலசி இஸ்திரி போட்ட பழைய பருத்தித் துணி ஒரு துண்டோடு நீங்களும் வாருங்கள்.