பாடுகளின் நடுவே ஒரு பாட்டு



குருத்து ஞாயிறன்றும் புனித வெள்ளியன்றும் ஆண்டவருடைய பாடுகளின் வரலாற்றை ஆலயத்தில் நின்று கேட்கிறோம். கேட்கக் கேட்க நம் உள்ளம் யார்மீது சினம் கொள்கிறது? வெள்ளிக் காசுக்குக் காட்டிக்கொடுத்த யூதாசின்மீது, மறுதலித்த பேதுருவின்மீது, கைகழுவிய பிலாத்துவின்மீது. அவர்கள் ஒவ்வொருவரின் குற்றமும் நமக்கு நன்றாகத் தெரிகிறது. அந்தக் கூட்டத்தில் நாம் எங்கே நிற்கிறோம்?

இந்தக் கேள்வியை இசையால் எழுப்பியவர் ஜெர்மனி நாட்டு யோகான் செபாஸ்தியான் பாக். 1685ஆம் ஆண்டு பிறந்தார். பத்து வயது நிறையும் முன்பே தாயையும் தந்தையையும் இழந்தார். லூத்தரன் சபையைச் சேர்ந்த அவர், 1723 முதல் 1750இல் இறக்கும்வரை லைப்சிக் நகரில் ஆலய இசைப் பொறுப்பை வகித்தார். கடவுளுக்கே மாட்சி என்று பொருள்படும் இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகளைத் தம் இசைப் படிகள் பலவற்றின் முடிவில் எழுதிவைத்தார்.

மத்தேயு நற்செய்தியின் 26, 27 ஆகிய அதிகாரங்களை அவர் இசையாக்கினார். அது 1727ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று லைப்சிக் புனித தோமா ஆலயத்தில் பாடப்பட்டது. அது இரண்டு பகுதிகள் கொண்டது, நடுவே மறையுரை. நற்செய்தியாளரின் சொற்களை ஒருவர் பாடுவார், இயேசுவின் சொற்களை இன்னொருவர் பாடுவார், கூட்டத்தின் கூக்குரலைப் பாடகர் குழு பாடும். ஆனால் பாக் இடையிடையே வரலாற்றை நிறுத்திவிடுகிறார். அங்கெல்லாம் சாதாரண மக்கள் ஆலயத்தில் பாடிப் பழகிய பாடல்களை வைக்கிறார்.

இறுதி இராவுணவுக் காட்சியைப் பாருங்கள். தம்முள் ஒருவன் தம்மைக் காட்டிக்கொடுப்பான் என்கிறார் இயேசு. சீடர்கள் கலங்கி, அது தாமோ என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். அந்த இசையில் ஆண்டவரே என்ற அழைப்பு 11 முறை ஒலிக்கிறது. யூதாசு நீங்கலாகச் சீடர்கள் பதினொருவர் அல்லவா? நற்செய்தியில் அடுத்து இயேசு பதில் சொல்கிறார். பாக்கின் இசையிலோ அவர் பேசுமுன் மக்களின் பாடல் எழுகிறது. குற்றவாளி வேறெவருமல்ல, தண்டனைக்கு உரியவர் நாமே என்று ஒப்புக்கொள்ளும் பாடல் அது. சீடர்கள் கேட்ட கேள்விக்கு மக்களே பதில் சொல்லிவிடுகிறார்கள்.

அந்தப் பாடலின் சொற்களை எழுதியவர் பவுல் கெர்கார்ட் என்ற போதகர். முப்பதாண்டுப் போரின் அழிவைக் கண்டவர். தம் ஐந்து பிள்ளைகளில் நால்வரை அடக்கம் செய்தவர். முள்முடி சூடிய ஆண்டவரின் தலையை நோக்கிப் பாடும் இன்னொரு பாடலும் அவருடையதே. அதன் மூலம் நம் கத்தோலிக்கத் துறவு மடத்தில் பிறந்த இலத்தீன் கவிதை. நெடுங்காலம் புனித பெர்நார்து பெயரில் வழங்கிய அதை, 13ஆம் நூற்றாண்டுச் சிஸ்டர்சியன் துறவி ஆர்னுல்ஃப் எழுதியதாக அறிஞர்கள் கருதுகின்றனர். கெர்கார்ட் 1656இல் அதை ஜெர்மன் மொழியில் தந்தார். மெட்டோ, 1601இல் கான்ஸ் லியோ காஸ்லர் ஒரு காதல் பாட்டுக்கு அமைத்தது! துறவியின் தியானம், போதகரின் கண்ணீர், காதலனின் மெட்டு: மூன்றும் சிலுவையடியில் ஒன்றாயின. தமிழகத்து லூத்தரன் சபையாரும் தென்னிந்தியத் திருச்சபையாரும் அப்பாடலைத் தமிழில் பாடி வருகிறார்கள். சபைகளாய்ப் பிரிந்திருக்கும் நம்மை, அதே முள்முடித் தலையின்முன் ஒரு பாட்டு சேர்த்து நிறுத்துகிறது.

மத்தேயு பாடுகளில் இந்த மெட்டு ஐந்து முறை வருகிறது. கடைசி முறை வருவது இயேசு உயிர்விட்ட உடனே. மெட்டு நாம் முன்பு கேட்டதுதான். உடன் சேரும் குரல்களில் இப்போது துயரம் தோய்ந்திருக்கிறது. மக்கள் அங்கே தங்கள் சாவை நினைக்கிறார்கள். தாங்கள் இவ்வுலகை விட்டுப் போகும் வேளையில் ஆண்டவர் தங்களை விட்டுப் போகாதிருக்க மன்றாடுகிறார்கள். தொடக்கத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட அதே மக்கள், இங்கே அவரையே அடைக்கலமாகப் பற்றிக்கொள்கிறார்கள். குற்றத்தை ஏற்றவருக்கே இந்த அடைக்கலத்தின் அருமை புரியும்.

அன்பானவர்களே, ஆலயத்தில் நாம் பாடும் பாடல்கள் நேரத்தை நிரப்புவதற்கு அல்ல. அவை இறைவார்த்தைக்கு நாம் தரும் பதில். ஒரு சாண் நிலத்துக்காக உடன்பிறந்தவனோடு பேச்சை நிறுத்திவிட்டு, தவக்காலப் பாடலை உருக்கமாகப் பாடுகிறோம். வயதான தாய்க்குக் கஞ்சி கொடுப்பது யார் முறை என்று வழக்காடிவிட்டு, வியாகுல அன்னைக்காகக் கண்ணீர் விடுகிறோம். அப்படியானால் யூதாசைத் தேடி நாம் தொலைவில் போக வேண்டியதில்லை. பாட்டின் சொற்கள் முதலில் நம் செவியில் விழட்டும். இந்த வாரம் பாடும் ஒரு பாடலையாவது நம்மைப் பற்றியதாகப் பாடுவோம். பாடியபின் பேச வேண்டியவரிடம் போய்ப் பேசுவோம்.

மன்றாடுவோமாக: சிலுவையில் எங்களுக்காக உயிர்தந்த ஆண்டவரே, பிறர் குற்றத்தை எண்ணும் எங்கள் கண்களை எங்கள் உள்ளத்தின் பக்கம் திருப்பியருளும். எங்கள் உதடுகள் பாடுவதை எங்கள் வாழ்வு மறுக்காதிருக்கச் செய்யும். எங்கள் இறுதி வேளையில் எங்கள் அருகே இரும். ஆமென்.