பட்டியலிலிருந்து நூலுக்கு



மதுரைத் திட்டம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1998 பொங்கலன்று தொடங்கியது. தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் மின்னூலாக்கி, யாரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் வைத்துவருகிறார்கள். அங்கே ஒவ்வொரு மின்னூலுக்கும் ஓர் எண் உண்டு. முகவரியின் கடைசிப் பகுதியில் வருவதும் அந்த எண்தான்.

ஒரு நூலகர் இந்த நூல்களில் ஐந்நூறைப் பெயரும் எண்ணுமாக எக்செல்லில் பட்டியலிட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயரைக் கிளிக் செய்தால் நூல் திறக்க வேண்டும். ஒவ்வொரு முகவரியாகக் கையால் ஒட்டினால், நூறைத் தாண்டுவதற்குள் கண் சோர்ந்துவிடும். ஒரு வரிசை தவறினாலும் கிளிக் செய்த பெயர் ஒன்று, திறக்கும் நூல் வேறொன்று.

பைத்தான் மொழியில் பத்துப் பதினைந்து வரிகளில் இதை முடிக்கலாம். ஓப்பன்பைஎக்செல் என்ற இலவச நிரல்தொகுப்பு எக்செல் கோப்பைப் படிக்கும், எழுதும். நம் நிரல் வரிசை வரிசையாகப் போய் எண்ணை எடுக்கும். முகவரியின் பொதுப்பகுதியோடு அதைச் சேர்க்கும். பெயர் உள்ள கட்டத்தில் இணைப்பாகப் பதிக்கும். நீல நிறமும் அடிக்கோடும் வேண்டுமானால் அதையும் நிரலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. எக்செல்லில் 0007 என்று தட்டினால் 7 என்றுதான் நிற்கும். கணக்குக்கு இரண்டும் ஒன்றே. முகவரிக்கு அப்படியல்ல, அது நான்கு இலக்கம் கேட்கிறது. ஆகவே, முன்னால் பூச்சியங்களை நிரப்பும்படி நிரலுக்குக் கட்டளை தர வேண்டும். பல பாகங்களாக உள்ள பெரிய நூல்களின் முகவரியில் பாக எண்ணும் சேரும். அவற்றைத் தனியே கவனிக்க வேண்டும்.

கையால் செய்தால் ஒன்றிரண்டு இணைப்புகள் பிழையாகும். நிரலில் விதி பிழைத்தால் ஐந்நூறும் பிழையாகும். அதனால் மூலக்கோப்புக்கு நகல் எடுத்துவைத்து, முதலில் பத்து வரிசைக்கு மட்டும் ஓட்டிப்பாருங்கள். அந்தப் பத்தில் ஓரிலக்க எண் ஒன்றும், பல பாக நூல் ஒன்றும் இருக்கட்டும். முழுவதும் முடிந்த பிறகும் அங்கங்கே சிலவற்றைத் திறந்து பாருங்கள்.

ஓர் இணைப்பு திறக்காவிட்டால், பட்டியலை நம்பி வந்த மாணவர் நம் நிரலைச் சந்தேகிக்க மாட்டார். அந்த நூலே கிடைக்காது என்று எண்ணிப் போய்விடுவார். யாரோ ஒருவர் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்து வைத்த நூல் அது. அவருடைய உழைப்பு வாசகரிடம் போய்ச் சேர வேண்டும். நாம் சரிபார்ப்பது அதற்காகத்தான்.