வயிறு நிறைந்தால் மட்டும் போதுமா?

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், விவசாயப் போதனாசிரியராகக் கடமையாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)

 



பின்வரிசையில் உயர்தர உயிரியல் பிரிவு மாணவிகள் இருக்கிறீர்கள். என் பேச்சு முக்கியமாக உங்களுக்குத்தான்.

எங்கள் வாப்பா வேளாண்மை செய்தவர். விதைநெல் மூடையில் 'பிஜி', 'ஏடி' என்று எழுதியிருக்கும். அவை பத்தலேகொட, அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையங்களைக் குறிக்கும் எழுத்துகள் என்பது பல்கலைக்கழகம் போன பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அந்த நெல்லை உண்டு வளர்ந்தும், அதை உருவாக்கியவர்களைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை. நாங்கள் அறிந்த தொழில்கள் மூன்று: டொக்டர், என்ஜினியர், டீச்சர்.

உயர்தரப் பெறுபேறு வந்தபோது மருத்துவபீடத்துக்குப் புள்ளி போதவில்லை. மூன்று நாள் அறையை விட்டு நான் வெளியே வரவில்லை. உம்மா சோற்றுக் கோப்பையோடு கதவடியில் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. விவசாயபீடம் கிடைத்தது. "பொம்புளப் புள்ள வட்டைக்குள்ள போய் என்ன செய்யப்போறா?" என்றார்கள் சொந்தக்காரர்கள். பேராதனைக்கு அழுதுகொண்டேதான் போனேன்.

அங்கே நூலகத்தில் ஒரு பெண்ணைப் பற்றி வாசித்தேன். இவான்ஜலினா வியேகாஸ். 1924இல் மெக்சிக்கோ நகரில் பிறந்தவர். பெண்களுக்கு உயர்கல்வி அரிதாயிருந்த காலத்தில் இரசாயனம் படித்தவர். 1967இல் அமெரிக்காவில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் தாய்நாடு திரும்பி, சர்வதேச சோளம், கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில் புரத ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பானார்.

மெக்சிக்கோவிலும் ஆபிரிக்காவிலும் கோடிக்கணக்கானோருக்குச் சோளமே சோறு. ஆனால் சாதாரண சோளத்தின் புரதத்தில் லைசின், டிரிப்டோபான் ஆகிய இரண்டு அமினோ அமிலங்கள் குறைவு. நாம் சோற்றோடு பருப்பும் மீனும் சேர்ப்பதால் அரிசியில் உள்ள குறை ஈடாகிறது. சோளக்கஞ்சி ஒன்றையே குடிக்கும் பிள்ளைக்கு வயிறு நிறையும், உடம்பு வளராது.

'ஒபேக்-2' என்ற மரபணு இந்தக் குறையைத் தீர்க்கும் என்பதை அமெரிக்க விஞ்ஞானிகள் 1960களில் கண்டறிந்தார்கள். ஆனால் அந்தச் சோளமணி மென்மையானது. விளைச்சல் குறைவு, வண்டு சீக்கிரம் பிடிக்கும். விவசாயி அதைக் கையேற்கவில்லை.

அமிர்தசரசில் பிறந்த சுரிந்தர் வாசல் என்ற இந்திய விஞ்ஞானி 1970இல் அங்கு வந்து சேர்ந்தார். அவர் வயலில் கடினமான மணிகளைத் தெரிவு செய்வார். மணி கடினமாகும்போது சத்து போய்விடக்கூடும். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு மாதிரியையும் வியேகாஸின் ஆய்வுகூடம் சோதித்தாக வேண்டும். ஆண்டுக்கு 25,000 மாதிரிகள் வரை சோதித்தார்கள். பலர் இந்த முயற்சியைக் கைவிட்ட பின்னும் இவர்கள் விடவில்லை. 1980களின் நடுப்பகுதியில் விளைச்சலும் உறுதியும் சத்தும் ஒன்றாய்ச் சேர்ந்த சோளம் கிடைத்தது. அதன் புரதத்தின் தரம் பாற்புரதத்தின் தரத்தில் ஏறத்தாழ 90 சதவீதம்.

1992இல் கானா நாட்டில் இதன் ஓர் இனத்தை வெளியிட்டு 'ஒபாடன்பா' என்று பெயரிட்டார்கள். நன்றாகப் பாலூட்டும் தாய் என்பது அதன் பொருள். 2000ஆம் ஆண்டில் இருவருக்கும் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் வியேகாஸ்தான். 2017இல் அவர் காலமானார்.

ஒன்றையும் சொல்ல வேண்டும். அடுத்த வயலின் சாதாரண சோள மகரந்தம் கலந்தால் இந்தச் சத்து குறைந்துவிடும். ஆகவே விதையைப் பேணிக் காக்க, விவசாயிக்குப் பக்கத்திலேயே எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையைத்தான் நானும் எங்கள் ஊர் வட்டைகளில் நெல்லுக்குச் செய்கிறேன். இப்போது சொந்தக்காரர்கள் விதை கேட்டு என் வீட்டுக்கே வருகிறார்கள்!

தங்கைகளே, வெட்டுப்புள்ளி உங்களுக்கு ஒரு கதவைத்தான் மூடும். வியேகாஸ் ஒரு நோயாளிக்கும் மருந்து எழுதவில்லை. எத்தனையோ பிள்ளைகளின் கஞ்சிக்குள் சத்தை வைத்தார்.

சங்கத்து ராத்தாமாரிடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டின் நினைவாக வளைவு கட்டுவது நல்லது. அதற்கு முன் இரசாயன ஆய்வுகூடத்துக்கு ஒரு நல்ல தராசு வாங்கிக் கொடுப்போம். முதல் தொகையை இன்றே நான் தருகிறேன்.