சுரங்கச் சுவருக்கு அப்பால்

பூமியின் காந்தத் தன்மையை நாள்தோறும் அளந்து குறித்துவந்த நிலையம் ஒன்று சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரை பம்பாய்க் கொலாபாவில் இருந்தது. நகரில் மின்சார டிராம் வண்டிகள் வரப்போகின்றன என்ற செய்தி எழுந்ததும், அந்நிலையத்தாருக்குக் கவலை பிறந்தது. மின்னோட்டம் தன்னைச் சுற்றிக் காந்தப் புலத்தை எழுப்பும். பூமியின் மெல்லிய காந்த அசைவுகள் அந்த ஆரவாரத்தில் மறைந்துபோகும். ஆகவே 1904-ல் அப்பணி கடலுக்கு அப்பாலுள்ள அலிபாகுக்கு மாற்றப்பட்டது. 1907-ல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது, 1964-ல் நின்றும்விட்டது. அலிபாகில் அளவை இன்றும் தொடர்கிறது.

அன்று இடையூறாக வந்த அதே இயல்பு, நிலத்தடியில் ஒளிந்திருக்கும் தாதுவைத் தேடுவோருக்குத் துணையாகவும் நிற்கிறது என்பதையே இன்று நேயர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலம், அருகிலுள்ள உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று 1831-ல் மைக்கேல் ஃபாரடே காட்டினார். தாது தேடுவோர் செய்வதும் இதுவே. கம்பிச் சுருளொன்றில் மாறு மின்னோட்டத்தைச் செலுத்துகிறார்கள். அதன் காந்தப் புலம் பாறையை ஊடுருவுகிறது. வழியில் மின்சாரத்தைக் கடத்தும் தாதுத் திரள் இருந்தால், அதற்குள் சுழல் மின்னோட்டம் எழுகிறது; அவ்வோட்டம் தன் பங்குக்கு மற்றொரு காந்தப் புலத்தை வெளியிடுகிறது. இந்த மறுமொழியை வேறொரு சுருள் வாங்கிக்கொள்கிறது. ('கடத்தல்' என்றதும் பம்பாய்வாசிகளுக்கு வேறு நினைவு வரலாம். மின்சாரத்துக்கு வழிவிடும் தன்மையையே இங்கு அச்சொல் குறிக்கிறது.)

இதைத் தரையின் மேலிருந்தே செய்யலாகாதா? செய்கிறார்கள். ஆனால் பாறை அலைகளை விழுங்கும் இயல்புடையது. செம்பூர்ப் பக்கம் மலையைக் குடைந்து செல்லும் கிழக்கு விரைவுச்சாலைச் சுரங்கப் பாதை போன்ற இடங்களில் வானொலிக் குரல் மங்குவதைப் பலர் கேட்டிருப்பர். வினாடிக்குப் பத்து லட்சம் முறை அதிரும் மத்திய அலை, சாதாரணப் பாறையில் சில பத்து மீட்டருக்குள் தளர்ந்துவிடும். ஆயிரம் முறை அதிரும் அலையோ சில நூறு மீட்டர் செல்லும். அதிர்வைக் குறைத்தால் ஆழம் கூடும். ஆனால் சிறு பொருள்களைப் பிரித்துக் காணும் கூர்மை குறையும். மேலும், சிறிய திரளிலிருந்து வரும் மறுமொழி, தொலைவு இருமடங்கானால் எட்டில் ஒரு பங்காகவும் அதற்குக் கீழும் தேய்கிறது. ஆதலின் இரண்டு கிலோமீட்டர் ஆழத்திலுள்ள சுரங்கத்தில், சுவருக்குப் பின்னால் ஐம்பது மீட்டரில் இருப்பதை அறிய, கருவியைச் சுரங்கத்துக்கே கொண்டுபோவதுதான் அறிவுடைமை. அங்கிருந்து வைரமுனைத் துளையிட்டு, கருவியைத் துளைக்குள் இறக்கியும் கேட்கிறார்கள். கனடாவின் சட்பரி நிக்கல் சுரங்கங்களில் இம்முறை நன்கு வேரூன்றியிருக்கிறது.

சுரங்கத்திலும் டிராம் தொல்லை உண்டு. தண்டவாளம், காற்றுக் குழாய், மின்கம்பி யாவும் உலோகமே. வினாடிக்கு ஐம்பது முறை அதிரும் மின்சாரமும் ஓயாது முனகிக்கொண்டிருக்கும். வேலை நின்ற நேரத்தில் அளப்பது, ஐம்பதின் மடங்குகளை ஒதுக்கி அதிர்வைத் தெரிவது, ஒரே அளவை நூற்றுக்கணக்கான முறை எடுத்துச் சராசரி காண்பது ஆகியவை இதற்குப் பரிகாரம். மறுமொழி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை அறிய, மூன்று திசைகளிலும் தனித்தனியே அளக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும், கருவி கூறுவது ஒன்றே: 'இங்கே மின்சாரம் செல்கிறது.' 'இங்கே செல்வம் இருக்கிறது' என்று அது கூறுவதில்லை. ராஜஸ்தானத்து ராம்புரா அகுச்சா துத்தநாகச் சுரங்கத்தில் தாதுவைச் சூழ்ந்த பாறையிலே கிராஃபைட் கலந்திருக்கிறது. பென்சிலில் நாம் எழுதும் அக்கரியும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துத்தநாகத் தாதுவோ தனித்து நின்றால் கடத்துவது அரிது.

தங்கத்தின் கதை இன்னும் விசித்திரம். தங்கத்தைப் போல் மின்சாரம் கடத்தும் உலோகங்கள் சிலவே. ஆனால் ஒரு டன் பாறையில் ஐந்து கிராம் என்றால், நூறு கிலோ அரிசி மூட்டையில் நாலு குன்றிமணி எடைப் பொன்னைப் பொடியாக்கித் தூவியதற்கு ஒப்பாகும். பொடியும் பொடியும் ஒன்றையொன்று தொடுவதில்லை, மின்னோட்டத்துக்கு வழியில்லை.

இவ்விடத்தில் கோலார் தங்கவயலை நினையாதிருக்க இயலாது. வட ஆர்க்காட்டிலிருந்தும் தென் ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற நம்மவரின் உழைப்பு அங்கே மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கியது. பம்பாய் டாட்டா ஆய்வுக் கழகத்தார் 1965-ல் நியூட்ரினோ துகள்களைக் கண்டதும் அதே சுரங்கங்களில்தான். அங்குள்ள புகழ்பெற்ற சாம்பியன் ரீஃப், தங்கம் தூவிய வெள்ளைக் குவார்ட்ஸ் கல். மின்காந்தக் கருவி அதன் அருகில் நின்றாலும் பெரும்பாலும் பேசாது. மேற்கேயுள்ள படிவுகளிலோ கந்தகக் கனிமங்கள் மிகுதி. அவை ஒன்றோடொன்று தொடர்ந்து கிடந்தால் மறுமொழி வரும். ஒரே வயலில் ஒருபுறம் கருவி உதவும், மறுபுறம் கைவிடும்.

இதை அறியாமல் கருவியை நம்பினால் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. வெறும் பாறையில் வெட்டும் ஒவ்வொரு மீட்டருக்கும் யாரோ ஒருவர் அங்கே நிற்கிறார். அழுத்தம் தாங்காது பாறை வெடித்துச் சிதறும் விபத்துகளும், நுரையீரலில் படிந்த கல்தூசியும் கோலார்க் குடும்பங்களுக்குத் தெரிந்த துன்பங்கள். வெட்ட வேண்டாத திசை எது என்று முன்கூட்டிச் சொல்லும் அளவையே இவற்றுள் மேலானது என்பது நம் கருத்து.

2001 பிப்ரவரி 28-ல் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. நீரிறைக்கும் பொறிகள் நின்றன. 2024-ல் கர்நாடக அமைச்சரவை இசைவு அளித்த ஏலத் திட்டமும் தரைமேல் குவிந்த பழைய கழிவு மேடுகளைப் பற்றியது. கீழே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வழிகளில் தண்ணீர் நிற்கிறது; அங்கே கருவியோடு இறங்க விரும்புவோர் முதலில் அதை இறைத்தாக வேண்டும்.